பாதியில் நின்றுபோகும் தாடை மூட்டுச் சிகிச்சை

வாயைத் திறந்தால் காதருகே 'டக்'கென்ற ஓசை, மெல்லும்போது வலி, காலையில் தாடை இறுக்கம். இவற்றுக்காக மருத்துவரை நாடுவோரில் பலர் இரண்டொரு முறை சென்றபின் நின்றுவிடுகின்றனர். இதை அலட்சியம் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம்.

தாடை மூட்டுக் கோளாறுக்குப் பெரும்பாலும் அறுவை தேவைப்படுவதில்லை. மென்மையான உணவு, தாடைப் பயிற்சி, பற்களை இறுகக் கடிக்கும் பழக்கத்தை விடுதல், சிலருக்கு இரவில் பற்களின் மேல் அணியும் தகடு ஆகியவையே சிகிச்சை. பலன் தெரிய வாரங்களோ மாதங்களோ ஆகலாம். வலி குறைந்ததும் குணமாயிற்று என்று ஒருவர் நிறுத்துகிறார். குறையவில்லையே என்று மற்றொருவர் நிறுத்துகிறார். மனக்கவலையும் ஒரு காரணமென மருத்துவர் கூறினால், தம் வலியைப் பொய்யென்கிறார் என வருந்தி விலகுவோரும் உண்டு. வீட்டிலோ, "வாய் வலிதானே!" என்ற பேச்சு.

எனவே, எவ்வளவு காலம் ஆகும், என்ன செலவாகும், வலி திரும்பினால் என்ன செய்வது என முதல் நாளே கேட்டறிவோம். மருத்துவர்களும் கேளாமலே சொல்ல வேண்டும். உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். வலியால் வாடுபவருக்குப் பொறுமையை உபதேசிக்கும் முன், அவர் வலியை நம்புவோம்.