முருங்கையை இப்போது மொட்டை அடிக்கலாமா?

கேள்வி: தேரி மண்ணில் 60 மரமுருங்கை நிற்கிறது. நாலு வயது. காய் விலை இறங்கி, பறிகூலிக்குக்கூடக் கட்டவில்லை. வைகாசியிலேயே அடியோடு வெட்டிவிட்டால் ஆடிக் காற்றுக்கும் தப்பும் என்கிறார் வீட்டுக்காரர். வெட்டலாமா? (சாத்தான்குளம் பகுதி வாசகி)

பதில்: கொஞ்சம் பொறுங்கள் அம்மா. வெட்டிய முருங்கை, அடிமரத்திலும் வேரிலும் சேர்த்து வைத்த உணவைக் கொண்டுதான் துளிர்க்கும். இந்த வெயிலில் துளிர்த்தது தண்ணீரில்லாமல் கருகினால், மரம் இருப்பைச் செலவழித்து மறுபடி துளிர்க்க வேண்டும். இரண்டு தடவை இப்படி நடந்தால் மரம் ஓய்ந்துவிடும். இலை நிழலில் இருந்த பட்டை திடீரென்று வெயில் பட்டு வெடிக்கும். பட்டைப் புழுவும் வந்து சேரும். பணியில் சேர்ந்த புதிதில் நானே ஒருவரைச் சித்திரையில் வெட்டச் சொல்லி, பாதி மரங்கள் பட்டுப்போயின. இன்றும் அவர் தோட்டத்தைக் கடக்கும்போது தலையைக் குனிந்துகொண்டுதான் போவேன்.

தென்மேற்குப் பருவம் நமக்குக் காற்றைத்தான் தரும். மழை ஐப்பசி, கார்த்திகையில். அதனால் ஆவணிக் கடைசி முதல் புரட்டாசி பாதிக்குள் வெட்டுங்கள். அடைமழையில் வெட்டினால் வெட்டுவாயில் தண்ணீர் இறங்கி அழுகும்.

உங்கள் வீட்டுக்காரர் காற்றுக்குப் பயப்படுவது நியாயம்தான். முருங்கை மெத்தென்ற மரம், சட்டென்று முறியும். இப்போதைக்குக் காய்ந்த கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை, தரையைத் தொடும் கிளை இவற்றை எடுங்கள். நீண்டு தொங்குவதை மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். மொத்தத்தில் கால்வாசிக்கு மேல் போக வேண்டாம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதை மறந்திருக்க மாட்டீர்கள். ஊறிய மண்ணில் தலைகனத்த மரம் எளிதில் சாயும். முருங்கைக்குத் தேங்கும் தண்ணீரும் ஆகாது. வடிகாலையும் மழைக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

புரட்டாசியில் வெட்டும்போது அரிவாள் வேண்டாம், ரம்பம் எடுங்கள். கிளையின் அடிப்பக்கம் முதலில் கொஞ்சம் அறுத்துவிட்டு மேலிருந்து அறுத்தால், கனத்தில் பட்டை உரியாது. மூன்று நான்கு கைக்கிளைகளை ஓரடி, இரண்டடி நீளம் விட்டுச் சாய்வாக அறுங்கள். (பி.கே.எம்.1 செடிமுருங்கையானால் தரையிலிருந்து 3 அடி.) அன்றே போர்டோ பசை தடவுங்கள்: மயில்துத்தம் 100 கிராம் அரை லிட்டர் தண்ணீரில், சுண்ணாம்பு 100 கிராம் அரை லிட்டரில், துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்க வேண்டும். பிளாஸ்டிக் வாளிதான், இரும்பு ஆகாது. மரத்துக்கு 20 கிலோ தொழு உரம் வையுங்கள்.

அறுபதையும் ஒரே வருஷத்தில் வெட்டாமல் பாதியை விட்டுவைத்தால் குழம்புக்கும் ஆட்டுக்கும் குறைவிருக்காது. கை கனமுள்ள கிளைகளை 3 முதல் 5 அடிப் போத்தாக நறுக்கினால், மழையோடு நட யாராவது கேட்டு வருவார்கள்.

கேள்வி: குண்டுமல்லிக்கும் விலையில்லை. இப்போதே கவாத்து செய்யலாமா?

பதில்: வேண்டாம். நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம் விட்டு வெட்டுங்கள். இப்போது காய்ந்த குச்சியை மட்டும் ஒடித்தால் போதும்.