யாரை, எதில் தெளிவது?

ஆனி ஆடித் திங்கள்களில் குற்றாலச் சாரலில் நனைய வருவோர் பல்லாயிரவர். ஆயினும், அவ்வூரிற் குடியமர்ந்து 1954-இல் மறைந்த டி.கே. சிதம்பரநாத முதலியாரின் இல்லத்தை நாடி வந்தோர் அருவிக்காக மட்டும் வந்தவரல்லர். கம்பன் பாட்டை அவர் வாயாற் கேட்க வந்தவர்கள். ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லி, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்திப் பொருளைக் கேட்போர் நெஞ்சில் இறக்கிவிடும் ஆற்றல் அவருக்கிருந்தது. 'இரசிகமணி' என்றே அவரை அழைத்தனர். (தமிழ்ச்சுவையைப் புகழவும் வடசொல்தான் வேண்டியிருந்தது போலும்! அது நிற்க.)

அத்தகையவர் கம்பன் காப்பியத்தைப் பதிப்பிக்கப் புகுந்தபோதுதான் சிக்கல் எழுந்தது. பதினாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களில் மிகப் பலவற்றை இடைச்செருகல் என்று அவர் ஒதுக்கினார். எஞ்சியவற்றிலும் ஓசை இடறியதாகத் தமக்குப் பட்ட இடங்களில் சொற்களை மாற்றினார். அதற்குச் சான்று யாது? 'கம்பன் இப்படிப் பாடியிருக்க மாட்டான்' என்னும் அவரது உள்ளுணர்வே பெரும்பாலும் சான்றாயிற்று. அவர் செவி நுட்பமானதே. எனினும் செவி ஏடாகுமா? அவர் நூலைக் கையிலெடுக்கும் இளைஞன் ஒருவன், தான் படிப்பது கம்பன் சொல்லா முதலியார் சொல்லா என்று எப்படி அறிவான்?

அவரைப் பழிக்கப் புகுந்தோர் சிலர், 1938-இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கிய இராசாசியின் நண்பரன்றோ இவர் என்று கேட்டுவிட்டு, அத்துடன் வழக்கு முடிந்ததாகக் கருதினர். இது சோம்பல் தீர்ப்பு. அந்த நண்பரேதாம் தமிழிசைக் கிளர்ச்சியில் முன்னின்று, தமிழ்நாட்டு மேடையில் தமிழ்ப்பாட்டு ஒலிக்க வேண்டும் என்று வாதாடியவர். நட்பை வைத்து மட்டும் ஒருவரது அறிவை அளந்தால் கொள்ள வேண்டியதையும் தள்ளிவிட நேரும். அவரைப் போற்றியோரோ மறுபுறம் சாய்ந்தனர். இவ்வளவு சுவையறிந்தவர் பாடத்திலும் பிழை செய்யார் என நம்பினர்.

உ.வே. சாமிநாதையரின் வழி வேறு. 1887-இல் சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் வெளியிட்ட அவர், கிடைத்த ஏடுகளையெல்லாம் ஒப்புநோக்கினார். வேறுபட்ட பாடங்களைக் குறித்தார். சிதைந்த அடிகளைத் தம் கற்பனையால் நிரப்பாமல் சிதைந்தவாறே விட்டார். தனித்தமிழ்க் கொள்கை அவருக்கு உடன்பாடன்று. அவர் உரைநடையில் வடசொற்கள் மிகுதி. ஆயினும் பதிப்பில் அவரைத் தெளியலாம். ஏன்? அவர் தவறியிருந்தால் அத்தவற்றைக் கண்டுபிடிக்கும் கருவியையும் அவரே நம் கையில் தந்துவிட்டுச் சென்றார்.

திருக்குறளின் 51-ஆம் அதிகாரமாகிய 'தெரிந்து தெளிதல்' ஆராயாமல் ஒருவரையும் நம்பாதே என்பதோடு நிற்கவில்லை. ஆராய்ந்து தேர்ந்தபின்னும் அவரவர்பால் தெளியத்தக்க பொருளிலேயே தெளிக என்கிறது. இப்பிற்பகுதியைத்தான் தமிழர் எளிதில் மறந்துவிடுகின்றனர். மேடையில் நன்றாக முழங்குகிறவரிடம் அமைப்பின் கணக்கையும் ஒப்படைப்பர். பாட்டெழுதுகிறவரிடம் வரலாற்றையும் கேட்பர்.

இதனைக் குற்றாலத்தாரை நோக்கி மட்டும் சொல்வது நேர்மையாகாது. பழம்பாட்டொன்றில் வடசொல் வரக்கண்ட தனித்தமிழ் அன்பர் ஒருவர், தூய்மை வேட்கையால் அதனை நீக்கி நல்ல தமிழ்ச்சொல் பெய்து அச்சிடுவாராயின், அவர் செய்வதும் முதலியார் செய்ததேயாம். முதலியார் ஓசையின் பெயரால் திருத்தினார். இவர் தூய்மையின் பெயரால் திருத்துகிறார். இன்று எழுதும் உரைநடையில் அயற்சொல்லைக் களைவது கடமை. முன்னோன் எழுதியதில் கைவைப்பது கடமையன்று. அன்பரின் தமிழ்ப்பற்றில் ஐயமில்லை; எனினும் அவர் பதிப்பை ஏட்டோடு ஒப்பிடாமல் ஏற்கலாகாது.

சிதம்பரநாதர் நூலை ஒதுக்கவும் வேண்டுவதில்லை. பாடவேறுபாடுகளோடு கூடிய அண்ணாமலைப் பல்கலைக் கழகக் கம்பன் பதிப்பை அருகே விரித்து வைத்துக்கொண்டு படிக்கலாம். பாட்டை எங்கே நிறுத்திப் படிப்பது என்று குற்றாலத்தார் சொல்வார். அங்கே இருந்த சொல் எது என்பதற்கு மற்றைப் பதிப்பைப் பார்த்துக்கொள்ளலாம்.