பிள்ளை பார்ப்பது சும்மா வேலையா?



மேலப்பாளையத்தில் ஏதாவது ஒரு தெருமுனையில் காலை எட்டரை மணிக்குச் சற்று நின்று பாருங்கள். இடுப்பில் ஒரு பிள்ளை, தோளில் ஒரு பை, கையில் ஒரு டிபன் கேரியர். இப்படி ஒரு பெண் வேகமாக நடந்து வருவாள். ஒரு வீட்டு வாசலில் நின்று, "அக்கா, ராத்திரி முழுக்க லேசா சூடு இருந்துச்சு, பாத்துக்கோங்க" என்று சொல்லிப் பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் பேருந்துக்கு ஓடுவாள். வண்ணார்பேட்டை ஜவுளிக் கடையில் ஒன்பது மணிக்கு அவள் கையெழுத்துப் போட வேண்டும். திரும்பி வர இரவு எட்டு மணியாகும்.

பிள்ளையை வாங்கிக்கொண்ட அந்தச் சகோதரியைப் பற்றித்தான் இன்று உங்களிடம் பேச வந்திருக்கிறேன். நேற்று வரை அவள் பீடி சுற்றினாள். இன்று பீடித் தட்டை ஓரமாக வைத்துவிட்டுப் பிறர் பிள்ளைகளைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறாள். அவள் வீட்டு ஆண்களிடம் கேட்டால் என்ன சொல்கிறார்கள்? "வீட்டில் சும்மாதானே இருக்கிறாள், பார்த்துக்கொள்கிறாள்."

சும்மாவா?

ஊரைக் குறை சொல்லும் முன் என்னைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் பக்கத்து வீட்டுப் பிள்ளையை என் மனைவி பகல் முழுக்கப் பார்த்தாள். மாத முடிவில் அந்தத் தாய் பணம் கொண்டு வந்தபோது, "இதற்கெல்லாம் காசு வாங்குவதா?" என்று திருப்பி அனுப்பினேன். பெரிய மனிதன் என்ற பெயர் எனக்குக் கிடைத்தது. முதுகுவலி அவளுக்குக் கிடைத்தது. கூலியைத் தாமதிக்காதீர்கள் என்று மேடை மேடையாகப் பேசியவன், என் வீட்டுக்குள் நடந்த வேலைக்கு வந்த கூலியை வாசலோடு தடுத்தேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

இது கேவலமான தொழில் என்று நினைப்பவர்கள் வரலாற்றைப் பார்க்கட்டும். நபி (ஸல்) அவர்கள் குழந்தையாக இருந்தபோது பனூ ஸஅத் குலத்து ஹலீமா அம்மையாரிடம் வளர்ந்தார்கள். பிறர் பிள்ளையைக் கூலிக்கு ஏற்று வளர்ப்பது அன்றைய அரபுகளிடம் அறியப்பட்ட தொழில். செவிலித்தாய்க்குரியதை முறைப்படி கொடுக்க வேண்டும் என்று திருக்குர்ஆனின் 2-ஆம் அத்தியாயம் 233-ஆம் வசனம் பேசுகிறது. மார்க்கம் கூலி என்று சொன்ன ஒன்றை உதவி என்று மாற்றிச் சொல்ல நாம் யார்?

கணக்குப் போட்டுப் பாருங்கள்

வியாபாரிகளே! செவ்வாய்ச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசும் ஊர் இது. அரை மூட்டை அரிசிக்கும் பேரேட்டில் வரி உண்டு. இந்த வேலைக்கும் ஒரு கணக்குப் போடுவோம்.

மூன்று பிள்ளைகள், தலைக்கு மாதம் 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வரவு 6,000. பால், பிஸ்கட், சோப்பு, மின்சாரம் என்று 1,200 போனால் மிச்சம் 4,800. காலை ஒன்பது முதல் இரவு எட்டு வரை பதினொரு மணி நேரம். மாதம் 26 நாளுக்கு 286 மணி நேரம். வகுத்துப் பாருங்கள், மணிக்கு 17 ரூபாய்கூடத் தேறவில்லை. இந்தக் கூலிக்கு உங்கள் கடையில் ஒரு பையன் நிற்பானா?

பண்டிகைக் காலத்தில் கடை இரவு பதினொரு மணி வரை திறந்திருக்கும். விற்பனைப் பெண்ணுக்குக் கூடுதல் நேரத்துக்கு ஏதோ கிடைக்கலாம். அவள் பிள்ளையை அதுவரை மடியில் போட்டு உட்கார்ந்திருப்பவளுக்கு என்ன கிடைக்கிறது?

பீடிக்காவது அடையாள அட்டை உண்டு, பி.எஃப். உண்டு, பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை உண்டு. தட்டை விட்டுவிட்டு இந்த வேலைக்கு வருகிறவள் அவற்றையும் யோசித்துத்தான் வர வேண்டும். யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை என்பதால் சொல்கிறேன். அட்டையை அவசரப்பட்டு ஒப்படைத்துவிடாதீர்கள். அமைப்புசாராத் தொழிலாளர்களுக்காக 2021-ல் தொடங்கப்பட்ட இ-ஷ்ரம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. படித்த இளைஞர்கள் தெருவில் உட்கார்ந்து அதைப் பதிந்து கொடுக்கலாம்.

சட்டம் எங்கே நிற்கிறது?

அரசு இதைப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பாதி பார்த்தது. 1975-ல் தொடங்கிய திட்டத்தின் கீழ் அங்கன்வாடிகள் வந்தன. நல்ல காரியம். ஆனால் அங்கன்வாடி மாலையில் மூடிவிடும், ஜவுளிக் கடை மூடாது. மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-ல் செய்யப்பட்ட திருத்தம், 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. நம் கடைத்தெருவில் 50 பேர் வேலை செய்யும் கடை எத்தனை? எட்டுப் பேர், பத்துப் பேர் உள்ள கடைகள்தாமே அதிகம்? கடைப் பணியாளர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழகத்தில் சட்டம் வந்தது. தாய்க்கு இருக்கை கிடைத்தது. பிள்ளையை எங்கே உட்கார வைப்பது?

சட்டம் தொடாத அந்த இடத்தைத்தான் பக்கத்து வீட்டுச் சகோதரி நிரப்பிக்கொண்டிருக்கிறாள். அவள் இல்லையென்றால் நாளை காலை உங்கள் கடையில் கல்லாவுக்கும் ஆள் இருக்காது, மடித்து வைக்கவும் ஆள் இருக்காது.

அமானிதம் என்றால் அமானிதம்தான்

சகோதரிகளுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. கூலி கேட்கும் உரிமை வந்தால் பொறுப்பும் சேர்ந்தே வரும். அடுத்தவர் நகையை அமானிதமாக வாங்கினால் எப்படிப் பூட்டி வைப்பீர்கள்? இது அடுத்தவரின் உயிர்.

முதலாவது, பீடியும் பிள்ளையும் ஒரே அறையில் கூடாது. "ஒரு கையால் சுற்றிக்கொண்டே பார்த்துக்கொள்வேன்" என்பது நடக்காத காரியம். தவழும் பிள்ளை தரையில் கிடப்பதையெல்லாம் வாயில் வைக்கும். புகையிலையில் உள்ள நிகோடின் சிறு குழந்தையின் வயிற்றுக்குள் போனால் வாந்தி, மயக்கம், வலிப்பு வரை கொண்டுபோகும். தட்டை வைத்திருப்பவர்கள் பிள்ளைகள் போன பிறகு, வேறு அறையில் வைத்துச் சுற்றட்டும்.

இரண்டாவது, எண்ணிக்கை. நடக்கத் தொடங்கிய பிள்ளைகள் மூன்றுக்கு மேல் ஒரு பெண் தனியாகப் பார்க்க முடியாது என்பது என் கருத்து. ஒன்றுக்குக் கால் கழுவிவிடும் நேரத்தில் இன்னொன்று வாசலுக்குப் போய்விடும். நான்காவது பிள்ளை வந்தால் துணைக்கு ஒரு ஆளும் வர வேண்டும்.

மூன்றாவது, வீடு. ஒரு வாளித் தண்ணீரில் தலைகுப்புற விழுந்தால் ஒன்றரை வயதுப் பிள்ளையால் எழ முடியாது. வாளி கவிழ்ந்தே இருக்கட்டும். தண்ணீர்த் தொட்டியின் மூடிக்குப் பூட்டுப் போடுங்கள். படிக்கட்டுக்கு ஒரு தடுப்பு வேண்டும். நிலக்கடலை, புளியங்கொட்டை, காசு, கடிகார பேட்டரி எதுவும் கைக்கு எட்டக் கூடாது.

நான்காவது, மருந்து. பிள்ளை தூங்க வேண்டும் என்பதற்காகச் சளி மருந்து கொடுக்கும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. இது பெரிய தவறு. ஒரு குறிப்பிட்ட சளி மருந்துக் கலவையை நான்கு வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று பாட்டிலிலேயே அச்சிட 2023 இறுதியில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டது. தாய் சொல்லாமல் ஒரு சொட்டு மருந்தும் கொடுக்காதீர்கள். தடுப்பூசி அட்டையின் நகலையும் இரண்டு தொலைபேசி எண்களையும் சேர்க்கும் நாளிலேயே வாங்கி வையுங்கள்.

ஐந்தாவது, நம் வீடுகளில் மறந்துபோகும் ஒன்று. தன் பிள்ளைக்குப் பாலூட்டிக்கொண்டிருக்கும் சகோதரி, அழுகிற பிள்ளையைப் பார்த்து இரக்கப்பட்டுத் தன் பாலைக் கொடுத்துவிட வேண்டாம். இரண்டு வயதுக்குள் கொடுத்தால் பால்குடி உறவு ஏற்படும். எத்தனை முறை கொடுத்தால் என்பதில் மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. இருபது வருடம் கழித்து ஒரு திருமணப் பேச்சில் அந்த ஆராய்ச்சி நடக்க நாம் இடம் வைக்கக் கூடாது.

நீங்கள் செய்ய வேண்டியது

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். பிள்ளை வரும் நேரம், போகும் நேரம், மாதத் தொகை, எந்தத் தேதியில் தர வேண்டும், எட்டு மணிக்கு மேல் போனால் மணிக்கு எவ்வளவு, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் யார் லீவு போடுவது, யார் வந்தால் பிள்ளையைக் கொடுக்கலாம். இவ்வளவையும் எழுதி இரண்டு தாய்மாரும் கையெழுத்திடட்டும். "அக்கா தங்கச்சி மாதிரி பழகுகிறோம், எழுத்து எதற்கு?" என்பார்கள். பழக்கம் கெடாமல் இருக்கத்தான் எழுத்து. வாங்கும் பெண்ணுக்குக் கேட்க வெட்கம், கொடுக்கும் பெண்ணுக்கு மாதக் கடைசியில் கையில் இல்லை. இரண்டு பேருமே ஏழைகள். அவர்களுக்கு நடுவே மனவருத்தம் வர விடுவது நமக்கு அழகா?

வியாபாரிகளே, உங்கள் கடையில் வேலை செய்யும் பெண்ணின் பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது என்று என்றாவது கேட்டிருக்கிறீர்களா? கேளுங்கள். அந்தத் தொகையில் பாதியைக் கடைச் செலவில் எழுதுங்கள். மாதம் ஆயிரம் ரூபாய். வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் டீச் செலவைவிட அது அதிகமா? பண்டிகைக் காலத்தில் கடையை நீட்டினால், பிள்ளை பார்க்கும் வீட்டுக்கும் சேர்த்து நீட்டுகிறோம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இளைஞர்களே, உங்களிடம் நன்கொடை கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்கிறேன். உங்கள் தெருவில் பிள்ளை பார்க்கும் வீடுகள் எத்தனை என்று எண்ணுங்கள். தொட்டி மூடிக்குப் பூட்டு, படிக்கு ஒரு மரத் தடுப்பு, தொங்கும் வயருக்கு ஒரு டேப். அரை நாள் வேலை இது.

அந்த வீட்டு ஆண்களிடம் கடைசியாக ஒன்று. பகலில் அந்த முன் அறை பிள்ளைகளுடையது. சிகரெட்டையும் பீடியையும் நண்பர்களையும் வெளியே வைத்துக்கொள்ளுங்கள். மாதக் கடைசியில் வரும் பணத்தை அவள் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். அது அவளுடைய உழைப்பு, அவளுடைய பணம். கேட்காமல் அதை எடுக்க உங்களுக்கு உரிமை இல்லை.

நான் திருப்பி அனுப்பிய பணத்தை என் மனைவி இன்று வரை கேட்டதில்லை. கேட்கவில்லை என்பதால் கடன் இல்லை என்று ஆகிவிடாது. இந்த மாதம் கணக்குப் பார்த்து அதை அவளுக்குக் கொடுத்தேன். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பாக்கி நிற்கிறதா என்று இன்றிரவு கேட்டுப் பாருங்கள்.