ஏலத்திற்கு வரும் இசைக்கருவிகள்

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் சித்தூரைக் கடந்து பலமனேரை நோக்கிப் பயணம் செய்தோர் பங்காருபாளையத்தை அறிவர். மாம்பழக் காலத்தில் அவ்வூர்ச் சந்தையில் கிளிமூக்கு மாங்காய் மலை மலையாய்க் குவியும். 2025-ஆம் ஆண்டு விளைச்சல் பெருகியது. கூழ் ஆலைகளோ கொள்முதலுக்குத் தயங்கின. விலை சரிந்தது. ஆலைகள் கிலோ ஒன்றுக்கு 8 ரூபாய் கொடுக்க வேண்டுமென்றும், மேற்கொண்டு 4 ரூபாயைத் தானே அளிப்பதாகவும் ஆந்திர அரசு அறிவிக்க நேர்ந்தது. அவ்வாண்டு மாங்காயின் தரம் கெட்டுவிட்டதா? இல்லை. விற்போர் பலராயினர், வாங்குவோர் சிலராயினர், சரக்கோ காத்திருக்க இயலாத சரக்கு. இவ்வளவே காரணம்.

மாங்காயைப் பற்றி எழுத நாம் முற்படவில்லை. அப்பக்கத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய அன்பர்கள் கண்ணாரக் கண்ட ஓர் உண்மையை வேறொரு பொருளுக்குப் பொருத்திக் காட்டவே இதனைக் கூறினோம். ஏலத்தில் கேட்கப்படும் விலை பொருளின் தகுதியைச் சொல்வதன்று. விற்பவரின் அவசரத்தைச் சொல்வது.

கடை மூடும்போது நடக்கும் திவால் ஏலங்களில் வயலினும் கீபோர்டும் மலிவாய்க் கிடைக்கின்றனவே, குழந்தைகளுக்கு வாங்கலாமா என்று அன்பர் சிலர் நம்மை வினவுகின்றனர். கேள்வி காலத்திற்கு ஏற்றதே. நம் குடும்பங்களில் இசை பயிலும் குழந்தைகள் பலர். கருவிகளின் விலையோ நடுத்தரக் குடும்பத்தை அச்சுறுத்துவது. அதே வேளையில் இசைக்கருவிக் கடைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டு வருகின்றன.

அமெரிக்காவில் சாம் ஆஷ் என்னும் நிறுவனத்தை அறியாத இசை மாணவர் இலர். 1924-இல் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் ஒரு சிறு கடையாக அது தோன்றியது. கடைக்கு முன்பணம் கட்டுவதற்காக நிறுவனரின் மனைவியார் தம் நிச்சயதார்த்த மோதிரத்தை அடகு வைத்தார் என்பது அந்நிறுவனத்தார் தாமே பெருமையுடன் கூறிவந்த வரலாறு. அந்தக் கடை நாடெங்கும் கிளை பரப்பி, சரியாக நூறாண்டு நிறைந்த 2024-ஆம் ஆண்டில் திவால் சட்டத்தின் பாதுகாப்பை நாடிற்று. நாற்பதுக்கு மேற்பட்ட கடைகளும் சரக்கை விற்றுத் தீர்த்துக் கதவடைத்தன. பெயரை மெக்சிகோ நாட்டு நிறுவனம் ஒன்று வாங்கிக் கொண்டது. மறு ஆண்டில் இங்கிலாந்திலும் ஜி.ஏ.கே., பி.எம்.டி. என்னும் இரு பெரிய கடைகள் வீழ்ந்தன. அவற்றின் சரக்கை இணையவழி வாணிகம் செய்யும் கியர்ஃபார்மியூசிக் நிறுவனம் வாங்கிற்று. மோதிரம் அடகு வைத்துத் தொடங்கிய கடையின் சரக்கும் இறுதியில் ஏலம் கூறுவோர் கைக்கே வருகிறது. வாணிகத்தின் இயல்பு அது.

இத்தகைய விற்பனையில் வாங்குவோர் முதலில் உணர வேண்டியது ஒன்றுண்டு. கடையில் ஒரு வயலினை வாங்கும்போது நாம் வயலினை மட்டும் வாங்குவதில்லை. சுருதி சேர்த்துக் கொடுத்தல், பழுது நேர்ந்தால் திருத்திக் கொடுத்தல், குழந்தை வளர்ந்தபின் பெரிய அளவிற்கு மாற்றிக் கொடுத்தல், இது வேண்டாம் அதை எடுங்கள் என்று அறிவுரை கூறல் ஆகிய இவை யாவும் விலைக்குள் அடங்கியிருந்தன. கடை மறையும் நாளில் இவையும் மறைகின்றன. மரமும் தந்தியும் மட்டுமே மேசைமேல் எஞ்சுகின்றன. ஆகவே ஏல விலையைக் கடை விலையோடு ஒப்பிட்டு, பாதிக்குப் பாதி இலாபம் என்று மகிழ்வது முழுக் கணக்கு ஆகாது.

ஏல அறிவிப்புகளில் 'உள்ளது உள்ளபடியே, உள்ள இடத்திலேயே' என்னும் பொருள்படும் வாசகம் தவறாமல் இடம் பெறும். இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் திவால் சட்டப்படி நடைபெறும் ஏலங்களிலும் இதுவே வழக்கம். வீட்டிற்குக் கொண்டு சென்ற பின் விரிசலைக் கண்டால் கேட்பாரில்லை என்பதே இதன் தெளிபொருள். மேலும், கேட்ட விலையோடு செலவு முடிவதில்லை. ஏல நிறுவனம் வாங்குவோரிடமும் நூற்றுக்கு இவ்வளவு என்று கட்டணம் பெறுவதுண்டு, வரி தனி, குறித்த நாளுக்குள் பொருளை அகற்றும் வண்டிக்கூலி தனி. இவற்றையெல்லாம் கூட்டி, இதற்குமேல் கேட்பதில்லை என்று ஒரு தொகையை முன்னிரவே தாளில் எழுதி எடுத்துச் செல்லுதல் நன்று. ஏலக் களத்தில் பக்கத்தில் நிற்பவர் கை உயர்த்தும்போது நம் கையும் தானே உயரும். அந்தத் தாள் ஒன்றே அதனைத் தடுக்கும்.

இனி, கருவிகளைத் தனித்தனியே நோக்குவோம்.

வயலினுக்குள் எட்டிப் பார்த்தால் 'ஸ்ட்ராடிவாரி' என்னும் இத்தாலியப் பேரறிஞரின் பெயர் அச்சிட்ட சீட்டைக் காணலாம். அதைக் கண்டு நெஞ்சம் படபடக்க வேண்டா. தொழிற்சாலைகளில் ஆயிரக்கணக்கில் செய்த வயலின்களிலும் அந்தச் சீட்டை ஒட்டுவது வழக்கமாக இருந்தது. சீட்டை விடுத்து மரத்தைப் பார்க்க வேண்டும். விளிம்புப் பிளவைப் பசையிட்டு ஒட்டிவிடலாம். மேற்பலகையில் குதிரை நிற்கும் இடத்தின் கீழ், உள்ளே நிற்கும் சிறு தூணுக்கு நேராக விரிசல் ஓடினால், அதைத் திருத்தும் செலவு சாதாரணக் கருவியின் விலையை விஞ்சிவிடும். குழந்தைகளுக்கு வாங்குவோர் கால், அரை, முக்கால் என்னும் அளவுகளையும் மறத்தலாகாது. மலிவாய்க் கிடைத்தது என்று எட்டு வயதுக் குழந்தையிடம் முழு அளவு வயலினைத் தருவது, அப்பாவின் செருப்பை மாட்டி ஓடச் சொல்வதை ஒக்கும்.

மிருதங்கத்தில் தோலைக் கண்டு மயங்கவோ அஞ்சவோ வேண்டா. தோல் தேயும் பொருள். வலந்தலையும் தொப்பியும் காலத்திற்குக் காலம் மாற்றத்தக்கவை. குளிர் நாடுகளில் வெப்பமூட்டிய அறையின் வறட்சியில் தோல் விரைவில் இறுகிக் கெடும். கட்டையே மூலதனம். நல்ல பலாமரக் கட்டை பல தோல்களைக் கண்டு நிலைத்து நிற்கும். கட்டையில் வெடிப்பு இல்லையெனில், கிழிந்த தோலுடன் ஏலத்திற்கு வரும் மிருதங்கமே உண்மையான மலிவு. ஆயின் மூட்டுக் கட்டித்தர வல்லவர் அருகில் இருக்கிறாரா, ஊருக்கு அனுப்பிப் பெற வேண்டுமா என்பதை முதலில் விசாரித்தல் வேண்டும்.

வீணையின் 24 மெட்டுகளும் மெழுகில் பதித்தவை. வெயில் தாக்கும் கிடங்கில் கிடந்த வீணையில் மெழுகு இளகி மெட்டுகள் இடம் பெயர்ந்திருக்கும். பார்வைக்கு அழகு குன்றாது. வாசித்தால் சுருதி சேராது. மெழுகைப் புதுப்பித்து மெட்டமைக்கக் கைதேர்ந்தவர் வேண்டும். நாகசுரம் வாங்குவோர் சீவாளியை ஒரு பொருட்டாகக் கருத வேண்டா, அது மாற்றத்தக்கது. ஆச்சா மரத்தாலான உடற்குழலே கவனிக்கத் தக்கது. நரசிங்கம்பேட்டை நாகசுரத்திற்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்பதால் அப்பெயரைச் சொல்லி விற்போர் பெருகலாம். செய்தவர் யார் என்று கேட்பது நம் உரிமை. ஆர்மோனியத்தில் துருத்தியை விரித்துக் காற்றுக் கசிகிறதா என்று காண வேண்டும். எலியும் பூச்சியும் முதலில் உண்பது அதனைத்தான். பியானோவைப் பற்றி ஒரே சொல்: பல இடங்களில் அதை இலவசமாகவே கொடுப்பர், ஏனெனில் ஏற்றி இறக்கிச் சுருதி சேர்க்கும் செலவை ஏற்பார் இலர்.

சட்டம் பற்றியும் சில கூறல் வேண்டும். பழைய தஞ்சாவூர் வீணைகளிலும், பழைய பியானோக் கட்டைகளிலும், வயலின் வில்லின் நுனியிலும் யானைத் தந்தம் இருப்பதுண்டு. இந்தியாவில் தந்த வாணிகத்திற்குத் தடை உண்டு. இங்கிலாந்தில் 2022 சூன் முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, 1975-க்கு முன் செய்யப்பட்டதும், தந்தம் நூற்றுக்கு இருபது பங்கிற்குக் குறைவாக உள்ளதுமான இசைக்கருவியையே பதிவு செய்து விற்கலாம். ஈட்டி மர வகைகளுக்கு 2017-இல் வந்த உலகளாவிய கட்டுப்பாட்டிலிருந்து 2019 இறுதியில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கிடைத்தது. பிரேசில் நாட்டு ஈட்டி மரம் மட்டும் அவ்விலக்கில் சேராது. மலிவாய் வாங்கிய கருவியைச் சுங்கச் சாவடியில் இழப்பது இரட்டை இழப்பாகும்.

இவற்றினும் முக்கியமானது, அந்தக் கருவி யாருடையது என்னும் வினா. இசைக்கருவிக் கடையில் இருப்பவை யாவும் கடைக்காரர் உடைமை அல்ல. பழுது பார்க்கக் கொடுத்தவை உண்டு. விற்றுத் தருமாறு ஒப்படைத்தவை உண்டு. பிறர் நம்பிக் கொடுத்துவைத்த பொருள்கள் திவாலான நிறுவனத்தின் சொத்தில் சேரா என்று இந்தியச் சட்டம் தெளிவாகக் கூறுகிறது. ஆனால் பெயர்ச்சீட்டு அறுந்துபோன வயலின் தன் உடையவரைத் தானே சொல்லாது. ஆதலால் நம் கருவி பழுதுக்குச் சென்றிருக்கும் கடை மூடப்படுவதாகச் செய்தி வந்தால், பற்றுச்சீட்டுடன் அன்றே விரைந்து செல்ல வேண்டும். முன்பணம் மட்டும் கொடுத்திருப்போர் நிலை இதனினும் இரங்கத்தக்கது; வங்கியும் பிறரும் முன்னே நிற்க, அவர்கள் வரிசையின் கடைசியில் நிற்கின்றனர்.

கடைச் சரக்கு ஒன்று. கலைஞரின் கைக்கருவி வேறொன்று. 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், கடன்பட்டவன் சொத்தைப் பறிமுதல் செய்யும்போதும் கைவினைஞனின் தொழிற்கருவிகளையும், உழவனின் ஏர் முதலிய கருவிகளையும் விதைத் தானியத்தையும் தொடலாகாது என விலக்கி வைக்கிறது. அமெரிக்கத் திவால் சட்டமோ, குடும்பத்தார் தம் பயனுக்கு வைத்திருக்கும் பொருள்களுள் இசைக்கருவியைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டு, குறித்த மதிப்பு வரையில் காக்கிறது. கடன் கொடுத்தோரை முதன்மையாகக் கருதும் சட்டமே இவ்வளவு இரக்கம் காட்டுமாயின், வாங்கச் செல்லும் நாம் சிறிதளவேனும் காட்ட வேண்டாவா? ஒரு கலைஞரின் கருவி இடுக்கண் காரணமாக விலைக்கு வருகிறது என்று தெரிந்தால், பேரம் பேசுவதற்கு முன், அவர் அதை மீட்கச் சங்கம் உதவ இயலுமா என்று எண்ணிப் பார்ப்பதே தமிழர் பண்பு.

ஏலத்தில் வாங்குவதே பழி என்று நாம் கூறவில்லை. ஹவாய் மாநிலத்தின் ஹொனலூலு சிம்ஃபனி இசைக்குழு 2010 இறுதியில் கலைக்கப்படும் நிலைக்கு வந்தது. அதன் சொத்துகள் ஏலத்திற்கு வந்தபோது இசையன்பர் குழு ஒன்று அவற்றைச் சிதறவிடாமல் வாங்கியது. 2012-இல் புதிய பெயருடன் அவ்விசைக்குழு மீண்டும் மேடையேறிற்று. தனித்தனியே பலர் வாங்கியிருந்தால் அவை பல வீட்டுக் கூடங்களில் அலங்காரப் பொருளாய் முடிந்திருக்கும். ஏலம் ஒரு கருவிக்கு முடிவாகவும் அமையலாம், தொடக்கமாகவும் அமையலாம். அதனை வாங்கும் கையே தீர்மானிக்கிறது.

நம் சங்கமும் சிறிய அளவில் இதனைச் செய்தல் கூடும். குடும்பத்திற்கு ஒன்றாக அவசரப்பட்டு வாங்குவதை விடுத்து, இசை கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரையும், மரவேலை அறிந்த ஒருவரையும் பார்வையிடும் நாளிலேயே உடன் அழைத்துச் சென்று, கால், அரை, முக்கால் அளவு வயலின்கள் சிலவும் நல்ல கட்டையுள்ள மிருதங்கம் இரண்டும் பொதுவில் வாங்கலாம். ஒரு குழந்தைக்குச் சிறிதாகிப் போனது அடுத்த குழந்தைக்குப் பொருந்தும். வாடகையாக ஒரு சிறு தொகை பெற்றால் தந்தி மாற்றவும் தோல் மாற்றவும் அதுவே போதியதாகும். கற்றுப் பார்த்து விருப்பமில்லை என்று விடும் குழந்தையைப் பெற்றோர் கடிந்து கொள்ளவும் காரணம் இராது.

வாங்கும் முன் நம் வீடுகளையும் ஒருமுறை நோக்குவது நலம். ஊரிலிருந்து ஆசையோடு கொண்டுவந்து, உறை கழற்றாமல் அலமாரியின் மேல் ஆண்டுக்கணக்கில் படுத்திருக்கும் வீணைகளும் சுருதிப் பெட்டிகளும் நம்மிடையே எத்தனை! அவ்வாறு வைத்திருப்போர் அவற்றின் பெயரையும் நிலையையும் குறித்துச் சங்கச் செயலாளருக்கு எழுதுவார்களாயின், ஏலத்திற்குச் செல்லத் தேவையே எழாமலும் போகலாம்.