நர்சிங் படித்த பெண் ஏன் கம்பெனி பஸ்ஸில் ஏறுகிறார்?

ஓசூர் சிப்காட்டுக்கும் சூளகிரி பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கும் ஷிப்ட் நேரத்தில் ஓடும் கம்பெனி பஸ்களில் நர்சிங் படித்த பெண்களும் போகிறார்கள். நமது சேரிகளில் இது புதுச் செய்தி அல்ல. டிப்ளமோவோ, நான்கு ஆண்டு பி.எஸ்சி. நர்சிங்கோ முடித்து, தனியார் மருத்துவமனையில் ஓராண்டு வேலை பார்த்துவிட்டு வெளியே வந்தவர்கள் இவர்கள். ‘சேவை மனப்பான்மை இல்லாத தலைமுறை’ என்று இவர்களைச் சொல்வது எளிது. நாம் அதை ஏற்கவில்லை. இவர்கள் தொழிலை விடவில்லை. தொழில்தான் இவர்களை வெளியே தள்ளியது.

ஒரு கூலிக் குடும்பம் மகளை நர்சிங் சேர்ப்பது சாதாரண முடிவல்ல. நகை அடகுக்குப் போகும். வட்டிக்குக் கடன் வாங்க நேரும். ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் உள்ள பட்டியல் சாதி மாணவர்களுக்கு உதவித்தொகை உண்டு. 2020 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை அதன் செலவை ஒன்றியம் 60, மாநிலம் 40 விழுக்காடு என்று பிரித்தது. ஆனால் பணம் வரும்வரை கட்டணத்தைக் கட்டச் சொல்லி, படிப்பு முடிந்ததும் அசல் சான்றிதழைப் பிடித்து வைக்கும் கல்லூரிகள் இருக்கின்றன. சான்றிதழ் அடகுப் பொருள் அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன பிறகும் இது நிற்கவில்லை. அப்படிப் படித்து வருபவர் முதல் மாதமே கடனோடுதான் வேலைக்குள் நுழைகிறார்.

அங்கே அவருக்குக் கிடைப்பது என்ன? சிறு தனியார் மருத்துவமனைகள் பலவற்றில் நாளுக்கு 12 மணி நேர டியூட்டி. பழகிய மூத்த செவிலியர் பக்கத்தில் இல்லாமல் இரவில் தனியாக ஒரு வார்டு. நியமன ஆணை இல்லை, பி.எஃப். இல்லை. தொழிற்சாலையிலோ பஸ், கேன்டீன், எட்டு மணி நேர ஷிப்ட். தொழிற்சாலையின் இந்த வரம்பும் தானாக வந்ததல்ல. அண்ணல் அம்பேத்கர் தொழிலாளர் துறையைக் கவனித்த காலத்தில், 1946இல், தொழிற்சாலைகளின் வார வேலை நேரம் 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைக்கப்பட்டது. எண்பது ஆண்டுகள் ஆகப்போகிறது. உயிரைக் காக்கும் வார்டுக்குள் அந்த வெளிச்சம் இன்னும் முழுதாக நுழையவில்லை.

ஊதியத்துக்கு வழி ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் இட்ட உத்தரவின்படி அமைக்கப்பட்ட குழு, 200 படுக்கைகளுக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனை அரசு செவிலியருக்கு இணையான ஊதியம் தர வேண்டும் என்றது. 50 படுக்கைக்குக் கீழே இருந்தாலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்றது. கேரளச் செவிலியர்கள் போராடி 2018இல் அந்த 20,000 ரூபாயைக் குறைந்தபட்ச ஊதியமாக அரசாணையில் பெற்றார்கள். இங்கே அந்தப் பரிந்துரை இன்றும் காகிதத்தில்தான் இருக்கிறது.

சாதி இதில் எங்கே வருகிறது என்று கேட்பவர்கள், புதிதாக வேலைக்கு வந்த நம் வீட்டுப் பெண்ணோடு ஓசூரில் வாடகை வீடு தேடிப் பார்க்கட்டும். ஊர் எது, தெரு எது என்ற கேள்விகள் முடியும்போது வீடும் இல்லை என்று ஆகிவிடும். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கத்து மலையோரக் கிராமங்களிலிருந்து நைட் டியூட்டிக்கு யார் தினம் வந்துபோக முடியும்? பலர் அத்திப்பள்ளி தாண்டி பெங்களூருக்குப் போவதற்குச் சம்பளம் மட்டும் காரணமல்ல. அங்கே விடுதி கிடைக்கிறது, பெயருக்குப் பின்னால் ஊர்த் தெரு வருவதில்லை. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசும் இந்தப் பெண்கள் இந்த எல்லை மாவட்டத்து நோயாளிகளுக்குக் கிடைத்த செல்வம். அதை நாமே ஏற்றி அனுப்பிவிடுகிறோம்.

அரசு வேலை இதற்கு மாற்றாக இருந்திருக்க வேண்டும். 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 7,243 செவிலியர் பணியிடங்களுக்குத் தேர்வு நடத்தியது. மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம், இரண்டு ஆண்டில் காலமுறை ஊதியம் என்பது பேச்சு. இரண்டு ஆண்டு கடந்தும் நிரந்தரம் ஆகாததால் 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் உட்கார்ந்தார்கள். தொகுப்பூதியம் பிறகு 14,000, 18,000 என்று உயர்ந்தது. நிரந்தரத்துக்கான காத்திருப்பு பலருக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது.

அடுத்தது கொரோனா. 2020இல் அவசரமாக எடுக்கப்பட்ட செவிலியர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அந்த நியமனத்தில் இனச்சுழற்சி உள்ளிட்ட விதிகள் பின்பற்றப்படவில்லை என்பது அரசு சொன்ன காரணங்களில் ஒன்று. இடஒதுக்கீட்டைப் பின்பற்றாதது அதிகாரிகள்; தண்டனை அனுபவித்தது செவிலியர்கள். இடஒதுக்கீட்டின் பெயரால் வேலை பறிபோவதை நாம் ஒருபோதும் ஏற்க முடியாது. இனச்சுழற்சியோடு நிரந்தரப் பணியிடம் என்பதே நமது கோரிக்கை.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட் 5இல் நமது மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. 2024இல் ஐ.நா. விருதும் பெற்றது. 2022 ஜனவரியில் கிருஷ்ணகிரிக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் வந்தது. திட்டமும் கட்டிடமும் பெருமைதான். வீடு வீடாக மருந்துப் பையோடு நடக்கும் பெண்ணின் வேலை உறுதியாக இருந்தால்தான் அந்தப் பெருமை நிலைக்கும். உலகில் 2023இல் 58 லட்சம் செவிலியர்கள் பற்றாக்குறை என்கிறது உலக சுகாதார நிறுவனம். படித்தவரை வீட்டில் உட்கார வைக்கும் வசதி எந்த நாட்டுக்கும் இல்லை.

செய்ய வேண்டியவை தெளிவானவை. தனியார் செவிலியருக்கு 2016 உத்தரவு வழி வந்த ஊதியத்தைத் தமிழ்நாடு அரசாணையாக்க வேண்டும். தொகுப்பூதியச் செவிலியரை நிரந்தரமாக்க நாள் குறிக்க வேண்டும். அரசின் ‘தோழி’ விடுதிகளில் செவிலியருக்கு இடம் ஒதுக்க வேண்டும். புதிதாகச் சேர்பவருக்கு முதல் ஓராண்டு மூத்த செவிலியர் ஒருவரின் துணை இருக்க வேண்டும். அதுவரை தனியாக நைட் டியூட்டி போடக்கூடாது. உதவித்தொகை தாமதத்துக்காக எந்த மாணவியின் சான்றிதழும் முடக்கப்படக்கூடாது. மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகம் இதைக் கல்லூரி தோறும் கேட்டு வாங்கித் தர வேண்டும்.

படித்துக்கொண்டிருக்கும் தங்கைகளுக்கு ஒன்று: வேலையில் சேரும் நாளே எழுத்தில் நியமன ஆணை கேளுங்கள். பி.எஃப். எண் கேளுங்கள். அசல் சான்றிதழை யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள். தனியாகக் கேட்கப் பயமாக இருந்தால் நான்கு பேராகப் போய்க் கேளுங்கள். கேரளத்தில் 20,000 ரூபாய் அப்படித்தான் வந்தது.