பசுமை ஐதரசன்: யாருக்கு மலிவு?

பசுமை ஐதரசன் நாளைய விஞ்ஞானமென்றும், அது முதிரும்வரை இரசாயனக் கைத்தொழில் பொறுத்திருக்கவேண்டுமென்றும் போதிப்போர் இன்று பலர் உளர். இக் கூற்றைச் சரித்திரம் ஒப்புக்கொள்கின்றதா?

நீரில் மின்சாரத்தைச் செலுத்தினால் ஐதரசனும் ஒட்சிசனும் பிரியுமென்பதைப் பாடசாலை மாணவனும் அறிவான். அம் மின்சாரத்தை நீர்வீழ்ச்சியோ காற்றோ கதிரவனோ தருமாயின், கிடைப்பது பசுமை ஐதரசன். ஐதரசன் நைதரசனோடு சேர்ந்தால் அமோனியா, அமோனியாவிலிருந்து பசளை. மனிதகுலத்தில் ஏறக்குறையப் பாதிப்பேரின் உணவு இப் பசளையிலே தங்கியுள்ளது. ஆனால் இதற்குரிய ஐதரசன் இன்று பெரும்பாலும் இயற்கை வாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்துமே பெறப்படுகின்றது. வாயுவிலிருந்து 1 கிலோகிராம் ஐதரசனை எடுக்கும்போது சுமார் 9 கிலோகிராம் காபனீரொட்சைட்டு வானிற் கலக்கின்றது.

வேறு வழி இல்லாமலா? நோர்வேயின் வெமோர்க்கில் 1929 முதல் நீர்மின்சாரத்தால் ஐதரசன் பிரிக்கப்பட்டது. அதைக்கொண்டு பசளை ஆக்கப்பட்டது. 1960களில் எகிப்தின் அஸ்வானிலும் இம்முறையே வழங்கிற்று. வெமோர்க் நிலையம் 1971இல் மூடப்பட்டது. விஞ்ஞானம் தோற்றதாலன்று, எண்ணெயும் வாயுவும் மலிந்ததால். புகையினால் விளையும் கேட்டைக் கம்பனிகளின் கணக்கேடுகள் அன்று செலவாக எழுதவில்லை. வெமோர்க்கை நடத்திய நிறுவனத்திலிருந்து பின்னர் பிரிந்த யாரா, 2024இல் நோர்வேயின் ஹெரோயாவில் 24 மெகாவாற்று மின்பகுப்பு நிலையமொன்றைத் திறந்தது. அரை நூற்றாண்டுக்கு முன் கைவிடப்பட்ட வழி, இன்று புதுமையென்று விழா எடுக்கப்படுகின்றது!

மலிவென்ற அந்த வாயுவாவது நிலைத்ததா? 2022இல் அதன் விலை ஏறியதும் ஐரோப்பிய அமோனியா ஆலைகள் பல உற்பத்தியைக் குறைத்தன. பசளை விலை உலகெங்கும் உயர்ந்தது. அச் சுமை எவர் தோளில் விழுந்தது? இலாபம் கண்டவர் தோளிலன்று, உழுபவன் தோளிலே.

பசுமை ஐதரசனுக்கு மின்சாரம் மிகுதியாக வேண்டுமென்பதை நாம் மறுக்கவில்லை. கிலோகிராமொன்றுக்கு 50 அலகுக்குமேல் செல்லும். அதனாலேயே அதை முதலில் எதற்குச் செலவிடுவது என்பதைச் சந்தையிடம் விட்டுவிடலாகாது. மோட்டார் காரை மின்கலம் ஓட்டும். அமோனியாவுக்கோ ஐதரசன் இன்றியமையாதது. எனவே முதற்பங்கு பசளை ஆலைக்கே உரியது. புகைக்கு விலை விதிப்பதும், பொதுப்பணத்தால் எழும் நிலையங்களைப் பொதுவுடைமையாக்குவதும் அரசுகளின் கடமை.

விஞ்ஞானம் தன் பணியை என்றோ முடித்துவிட்டது. எஞ்சி நிற்பது உடைமை பற்றிய வினா. ஆசிரியர்களும் மாணவர்களும் அதை வகுப்பறையிலும் வெளியிலும் உரத்துக் கேட்கட்டும்.