படுக்கையில் கிடக்கும் தாய்க்கு யார் பொறுப்பு?

கை கால் விழுந்த தாய் கயிற்றுக் கட்டிலில் கிடக்கிறாள். மகன் பிழைப்பைத் தேடித் திருப்பூருக்கோ சென்னைக்கோ ரயிலேறி விட்டான். முந்திரித் தோப்புக்குக் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த மருமகள் வேலையை விட்டுவிட்டு மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். செந்துறை வட்டாரத்துக்கு இது புதிய காட்சி அல்ல.

"பழகிய நர்ஸ் ஒருவரை வரவழைத்துப் பார்த்தால் என்ன?" என்று யாராவது கேட்டால் உடனே பதில் வருகிறது: "பெற்றவளைப் பார்க்க ஆள் வைப்பதா? ஊர் சிரிக்காதா?" பேச்சு அத்தோடு முடிந்து போகிறது. ஊர் சிரிக்குமோ என்று பார்க்கிறோம். கையில் காசு இருக்கிறதா என்று பார்க்கிறோம். நோயாளியின் உடம்பு என்ன கேட்கிறது என்று மட்டும் பார்ப்பதில்லை. முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

படுத்திருப்பவர் தானாகப் புரண்டு படுக்கிறாரா? முடியாதென்றால், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, இரவிலும்கூட, அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். தவறினால் இடுப்பிலும் குதிகாலிலும் புண் விழும். அது சீழ் வைத்து உயிரையே குடிக்கும். கஞ்சி குடிக்கும்போது அடிக்கடி புரையேறுகிறதா? ஆகாரம் நுரையீரலுக்குள் இறங்கிச் சளியும் ஜுரமும் வரக்கூடும். மூத்திரக் குழாய் போட்டிருக்கிறார்களா? அதைச் சுத்தமாக வைத்துக்கொள்ளத் தெரிந்த கை வேண்டும். நினைவு தப்பிக் கதவைத் திறந்துகொண்டு நடந்து விடுகிறாரா? வலி தாங்காமல் இரவெல்லாம் முனகுகிறாரா?

இன்னொரு கேள்வியும் உண்டு. அதை யாருமே கேட்பதில்லை. பார்த்துக்கொள்கிறவள் எப்படி இருக்கிறாள்? எத்தனை இரவு தூங்கினாள்? ஆளைத் தூக்கித் தூக்கி அவள் இடுப்பு என்ன ஆயிற்று? அவள் கூலி போனதால் அடுப்பில் எது குறைந்தது?

இவற்றில் ஒன்றுக்கு 'ஆம்' என்று பதில் வந்தாலும் பயிற்சி பெற்றவரின் உதவி தேவை என்று பொருள். அது பாசம் குறைந்ததற்கு அடையாளம் அல்ல. பிரசவத்துக்கு நர்ஸைக் கூப்பிடுகிறோமே, அது பெண்மீது அன்பில்லாமலா? புண்ணைக் கழுவவும் மரத்துப்போன காலை அசைக்கவும் பயிற்சி வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து பேசவும் ஒரு வாய் ஊட்டவும் குடும்பம் வேண்டும். ஒன்று இருந்தால் மற்றது தேவையில்லை என்று ஆகாது.

'குடும்பம் பார்த்துக்கொள்ளும்' என்கிறார்களே, குடும்பத்தில் யார்? மத்திய சர்க்கார் 2024-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கே இதற்குப் பதில் சொல்கிறது. வீட்டாரைப் பராமரிக்கும் வேலையில் ஈடுபடும் பெண் அதற்கு நாளொன்றுக்கு 137 நிமிஷம் கொடுக்கிறாள். ஆண் 75 நிமிஷம் கொடுக்கிறான். இந்த உழைப்புக்குக் கூலி இல்லை, லீவு இல்லை, பென்ஷன் இல்லை. அதற்குக் 'கடமை' என்று பெயர் வைத்துவிட்டார்கள்!

காசுள்ளவர் பட்டணத்து ஏஜென்ஸிக்குப் போன் செய்து ஆளை வரவழைக்கலாம். வருகிறவளும் ஓர் ஏழைப் பெண்தான். அவளுக்கும் தூக்கம் வேண்டும், வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டும், நியாயமான கூலி வேண்டும். வீட்டு வேலைத் தொழிலாளர் உரிமைக்காக 2011-ல் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 189-வது ஒப்பந்தத்தை நிறைவேற்றியது. பத்தாண்டு கடந்தும் இந்திய சர்க்கார் அதை ஏற்று உறுதி செய்யவில்லை. நம் மருமகளின் முதுகை ஒடித்த பாரத்தை இன்னொரு வீட்டு மருமகளின் முதுகில் ஏற்றுவது தீர்வாகுமா?

சட்டம் என்ன சொல்கிறது? 2007-ம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், பிள்ளைகள் மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் தர வேண்டும் என்று உத்தரவிட வகை செய்தது. நிலத்தை எழுதி வாங்கிக்கொண்டு தாயைத் தெருவில் விட்ட பணக்காரப் பிள்ளைக்கு அது சரியே. ஆனால் கூலிக்காரனின் மகன் எங்கே போவான்? அதே 2007-ல் இந்திரா காந்தி பெயரைச் சூட்டிய முதியோர் பென்ஷனில், 80 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு மத்திய சர்க்கார் கொடுத்த பங்கு மாதம் 200 ரூபாய். பதினைந்து ஆண்டு கழிந்த பின்னும் அதே 200 ரூபாய்தான்! பிள்ளைக்குக் கடமையைப் போதிக்கும் சர்க்கார் தன் கடமையை இப்படித்தான் செய்தது.

வழியே இல்லையா? இருக்கிறது. கேரளத்தில் அச்சுதானந்தன் தலைமையில் இருந்த இடதுசாரி சர்க்கார் 2008-ல் நோய் ஆதரவுச் சிகிச்சைக்கென்று தனிக் கொள்கை வகுத்தது. பஞ்சாயத்துகள் பொறுப்பேற்றன, படுத்த படுக்கையானவரின் வீடு தேடி நர்ஸ் போனார். தமிழ்நாட்டிலும் 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கே வந்தது. நோய் ஆதரவுச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டிலேயே தரப்படும் என்று அறிவித்தார்கள். இதை வரவேற்கிறோம். ஆனால் நர்ஸ் எப்போதாவது ஒரு நாள் வந்து போனால் போதுமா? படுக்கைப் புண் அடுத்த முறை வரைக்கும் காத்திருக்குமா? மாத்திரை சுமக்கும் பெண்களையும் 'தன்னார்வலர்' என்று அழைத்து, சம்பளத்துக்குப் பதிலாக ஊக்கத்தொகை தருவது எந்த நியாயம்?

ஆகவே நாம் கோருவது இதுதான். ஒவ்வொரு ஊராட்சியிலும் படுக்கையில் கிடப்போரின் கணக்கு எடுக்க வேண்டும். அவரவர் தேவைக்கேற்ப, பயிற்சி பெற்ற பராமரிப்பாளர் சர்க்கார் செலவில் வீட்டுக்கு வர வேண்டும். அவருக்கு ஊழியர் என்ற அந்தஸ்தும் மாதச் சம்பளமும் வேண்டும். வேலையை விட்டுத் தாயைப் பார்க்கும் பெண்ணுக்கு உதவித்தொகை வேண்டும்.

வீட்டில் நோயாளி இருப்பவர்கள் மேலே சொன்ன கேள்விகளை இன்றே கேட்டுப் பாருங்கள். தேவை என்று தெரிந்தால் வெட்கப்படாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று பெயரைப் பதியுங்கள். வரவில்லையென்றால் கிராமசபையில் எழுந்து கேளுங்கள். ஆயுள் முழுவதும் அறுப்பிலும் களையெடுப்பிலும் இந்த நாட்டுக்குச் சோறு போட்டவள் அந்தத் தாய். அவள் கேட்பது பிச்சை அல்ல, பாக்கி!